ஆறு டெசிபல் அதிகம்

கனத்த இரும்புக் கதவு சாத்தப்பட்ட பிறகும் மனைவியின் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "மாத்திரை போட்டாச்சா? தண்ணி நிறைய குடிக்கணும், என்ன?" ஆனால் மனைவி வாயே திறக்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில், சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றில், கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த கூடத்தின் நடுவே ஒரு மேசை. அதன்மேல் தன்னந்தனியாக, அவர்கள் இருவரும் செய்த, வேளை தவறாமல் நினைவூட்டும் மாத்திரைப் பெட்டி. குரல் அதிலிருந்து கிளம்பி, அங்கே தொங்கிய மைக்கில் ஏறி, இந்த அறையின் ஒலிபெருக்கி வழியாக வந்தது. பன்னிரண்டு நொடிக்கு ஒரு முறை. சோதனை நடக்கும்போது கருவி தன் எல்லா வேலைகளையும் ஓயாமல் செய்துகொண்டிருக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஒரு நாளைக்கு மூன்று வேளை பேச வேண்டிய பெட்டியை, இன்றைக்கு மட்டும் விடாமல் பேசும்படி அவன்தான் மாற்றிக் கொடுத்திருந்தான்.

"சத்தம் ரொம்பக் கம்மியா இருக்கே," என்று அங்கே சோதனை நடத்தும் மேடம் ஒலிபெருக்கியின் குமிழைக் கடைசிவரை திருகினார்.

"எங்க அத்தையும், அப்பாவோட அக்கா, இதையேதான் சொல்றாங்க. அவங்களுக்குக் காது மந்தம்," என்றாள் மனைவி.

அவன் கணினித் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மாமனார் வீட்டில் அவனுக்கு 'சர்க்யூட்டு' என்று பெயர். கல்யாணமான முதல் வாரமே அவர்கள் வீட்டு ஃபேனைச் சரிசெய்கிறேன் என்று கழற்றிப்போட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் மூன்று நாள் குடும்பத்தையே வியர்க்க வைத்ததில் வந்த பெயர் அது. மனைவி பதினேழு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவள். மாத்திரையை நாக்குக்கடியில் பதுக்கிவைத்து ஜன்னல் வழியாகத் துப்புகிறவர்கள்கூட அவள் "போட்டாச்சா?" என்று கேட்டால் மடக்கென்று விழுங்கிவிடுவார்கள். மணி அடிக்கும் பெட்டிகள் கடையில் நிறைய இருக்கின்றன, வயதானவர்கள் மணியை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள், மனுஷக் குரலை அப்படி அணைக்க மனசு வராது என்பது அவளுடைய யோசனை. மின்சுற்றுப் பலகையும் கம்பியும் அவன் வேலை. இரண்டு வருடம் சாப்பாட்டு மேசைமேல் வளர்ந்த பெட்டி அது. போன தை மாதத்தோடு அவள் வேலையை விட்டுவிட்டாள். முதியோர் இல்லம் ஒன்று முன்னூறு பெட்டி கேட்டிருந்தது. கட்டிலுக்கு ஒன்று. ஒரே நிபந்தனை, இந்தக் கூடத்தின் சான்றிதழ். சோதனைக்குத் தேதி கிடைக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. இன்று மாலை ஆறு மணிக்குள் தேறாவிட்டால் அடுத்த தேதிக்கு இன்னும் இரண்டு மாதம். அதற்குள் இல்லத்துக்காரர்கள் வேறு யாரிடமாவது மணியடிக்கும் பெட்டியை வாங்கிவிடுவார்கள்.

சோதனை என்னவோ எளிதான விஷயம்தான். எந்த மின்கருவியும் ஓடும்போது தன்னையறியாமல் கொஞ்சம் ரேடியோ அலையைக் கசியவிடும். கசிவு அதிகமானால் பக்கத்தில் இருக்கும் இன்னொரு கருவிக்குத் தலை சுற்றும். அந்தப் பக்கத்துக் கருவி யாரோ ஒருவருடைய இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதனால் கசிவுக்கு ஓர் எல்லை. கூடத்தின் சுவரிலும் கூரையிலும் முழங்கை நீளத்துக்குக் கூர்கூராக நுரைக் கூம்புகளை ஒட்டி, அலை எதிலும் பட்டுத் திரும்பாதபடி செய்திருந்தார்கள். ஒரு மூலையில் மீன்முள் போன்ற ஆன்டெனா ஒன்று மெதுவாக ஏறி இறங்கியது. மேசை தன்னைத்தானே சுற்றிச் சுற்றித் தன் எல்லாப் பக்கத்தையும் அதற்குக் காட்டியது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி இருக்கிறது என்றாள் மனைவி. திரையில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அதன்கீழே பச்சைக் கோடு ஒன்று புல் முளைத்ததுபோல் நடுங்கிக்கொண்டிருந்தது. புல் எல்லா இடத்திலும் அடக்கமாக இருந்தது, ஓர் இடத்தைத் தவிர. அந்த இடத்தில் பனைமரம்போல் ஒன்று சிவப்புக் கோட்டைத் துளைத்துக்கொண்டு நின்றது.

"கசிவு ஆறு டெசிபல் அதிகம்," என்றார் மேடம். பரீட்சைத் தாள் கொடுக்கும் வாத்தியார் குரல். அவர் யாரையும் திட்டுவதில்லை, தேற்றுவதுமில்லை. காலையிலிருந்து ஒரே ஒரு தடவைதான் சிரித்திருந்தார், அதுவும் கைப்பேசியைப் பார்த்து.

முதலில் சார்ஜர் கம்பியில், கசிவை உறிஞ்சும் கறுப்பு வளையம் ஒன்றை மாட்டிப் பார்த்தான். ஆறு டெசிபல். பெட்டிக்குள் செம்புத் தகடு ஒட்டினான். ஆறு டெசிபல். சார்ஜரையே மாற்றினான். ஆறரை. ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து, கூம்புகளுக்கு நடுவே நடந்து, எதையாவது செய்துவிட்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, முழுச் சுற்றும் முடிய இருபது நிமிடம். நடுவே மனைவியின் தம்பி மூன்று முறை போனில் கூப்பிட்டான். விற்பனை அவன் பொறுப்பு. "அத்தான், பாஸா?" என்பதைத் தவிர வேறு வார்த்தை அவனுக்குத் தெரியவில்லை. நாலாவது தடவை சர்க்யூட்டு போனை அணைத்துப் பைக்குள் போட்டான். மணி இரண்டு. மனைவி காபி இயந்திரத்திலிருந்து மூன்று கோப்பை கொண்டுவந்து, மேடத்துக்கு முதலில் கொடுத்தாள்.

காபியை ஊதிக்கொண்டே மேடம் திரையில் எதையோ தட்டினார். இப்போது பனைமரம் நின்றபடி நிற்காமல், எழுந்து எழுந்து அடங்கியது.

"கவனிங்க," என்றார். "மாத்திரை போட்டாச்சா" என்றது ஒலிபெருக்கி, பனைமரம் எழுந்தது. "தண்ணி நிறைய குடிக்கணும், என்ன?" கோட்டுக்கு மேலே ஆடியது. குரல் நின்றது, மரம் மடிந்து புல்லாயிற்று. மூவரும் காத்திருந்தார்கள். பன்னிரண்டு நொடி. "மாத்திரை போட்டாச்சா?" மரம்.

"அப்படின்னா," என்று மனைவி காபியைக் கீழே வைத்தாள், "நான் பேசுறதுதான் தொந்தரவா?"

"நீ இல்லம்மா," என்றான் சர்க்யூட்டு. "உன் குரல். குரல்கூட இல்ல, குரலை ஸ்பீக்கருக்கு அனுப்புற சின்ன சிப்பு. அது நீ பேசாதப்போ தூங்கும், பேசுறப்போ..."

"பேசுறப்போ?"

"பேசாம பெட்டியைத் திறந்து பார்த்துடலாமே," என்றார் மேடம்.

சர்க்யூட்டு அவசரமாக எழுந்தான். இன்னொரு வளையம் மாட்டிப் பார்க்கலாமா என்றான். சிப்பைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாமா என்றான். மேடம் அதற்குள் பெட்டியைக் கொண்டுவந்து, வெளிச்சமான மேசையில் கவிழ்த்து, நாலு திருகாணியையும் கழற்றிவிட்டிருந்தார். மூடி திறந்தது. சிப்பிலிருந்து மஞ்சளும் கறுப்புமாக இரண்டு கம்பிகள் கிளம்பி, பலகையைச் சுற்றி, பேட்டரிக்கு அடியில் புகுந்து, பின்பக்க மூலைவரை போயின. ஒன்றரை ஜாண் இருக்கும். அங்கே, தரையைப் பார்த்தபடி, ஸ்பீக்கர் குப்புறப் படுத்திருந்தது. அதன்மேல் ஒரு துண்டு பஞ்சும் ஒட்டியிருந்தது.

"இந்தக் கம்பிதான் ஆன்டெனா," என்றார் மேடம். "இவ்வளவு நீளத்துக்கு இது எதுக்கு சார் ஊரைச் சுத்திப் போகுது?"

மனைவி குனிந்து பார்த்தாள். பிறகு பெட்டியின் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே மூன்று வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். குரல் வெளியே வருவதற்காக அவளே இடம் குறித்துக் கொடுத்த ஓட்டைகள்.

"ஓட்டை முன்னாடி இருக்கு. ஸ்பீக்கர் ஏன் பின்னாடி இருக்கு?"

அவன் அசடு வழிந்தான். அது உதவவில்லை. பிறகு சொன்னான். மென்பொருள் எழுதிய மூன்று மாதமும் பெட்டி அவன் வேலை மேசைமேலேயே இருந்தது. மென்பொருளில் ஒரு வரி மாற்றினாலும் பேசவைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு முன்னூறு, நானூறு தடவை. மாத்திரை போட்டாச்சா, தண்ணி நிறைய குடிக்கணும். கனவிலும் வந்தது. ஒரு மதியம் பொறுக்கமுடியாமல் ஸ்பீக்கரைக் கழற்றிப் பின்பக்கம் கவிழ்த்து ஒட்டினான். நிம்மதியாக இருந்தது. திரும்ப மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தான். அப்புறம் பலகையின் படத்தையே அதற்கேற்ப மாற்ற வேண்டியதாயிற்று. அப்புறம் மறந்துபோயிற்று. மறந்துபோயிற்று என்று சொன்னபோது அவனுக்கே அது நம்பும்படியாக இல்லை.

"பஞ்சு?" என்றாள்.

"பஞ்சு... அதுக்கு அடுத்த வாரம்."

மனைவி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மெதுவாக, கணக்குப் போடுகிறவள்போல் கேட்டாள்: "அப்போ அத்தை வீட்ல வெச்சுப் பார்க்கச் சொல்லிக் குடுத்த பெட்டி?"

"அதுவும் இதே மாதிரிதான்."

"அத்தை தலைப்பாடா அடிச்சிக்கிட்டாங்க. எனக்குக் காது நல்லா கேக்குதுடி, பெட்டிதான் முணுமுணுக்குதுன்னு. நான் நம்பல. வலுக்கட்டாயமா காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அந்த டாக்டர் காதுல எதையோ விட்டுப் பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னார். அவரையும் நம்பல. இன்னொருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். போன வாரம் அத்தை எங்கிட்ட பேசுறதையே நிறுத்திட்டாங்க." திறந்து கிடந்த பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள். "பெட்டியைச் செஞ்ச மனுஷன் எதிர்ல உக்காந்து சாப்பிட்டுட்டு, வயசானா அப்படித்தான்னு சொன்னீங்க."

சொன்னான்தான். அது ஞாபகம் வந்தபோது அவனுக்குக் காது மடல்வரை சுட்டது. மேடம் திருகாணிகளை ஒவ்வொன்றாக எண்ணி ஒரு மூடியில் போட்டுக்கொண்டிருந்தார். நாலு திருகாணியை அவ்வளவு நேரம் எண்ண முடியும் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குறைவா பேசிப் பதிஞ்சு குடுத்திருப்பேனே."

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீ வேலையை விட்டுட்டு, அவ்வளவு ஆசையா, பதினோரு தடவை பேசிப் பேசி... உன் குரல் தலைவலிக்குதுன்னு எந்த வாயால சொல்றது?"

அவள் கைப்பையைத் திறந்து தன் போனை எடுத்து, எண்ணைத் தட்டி, அவனிடம் நீட்டினாள். "முதல்ல அத்தைகிட்ட சொல்லுங்க. அப்புறம் கம்பியைத் தொடலாம்."

நடைவழியில் நின்று பேசினான். அத்தை முழுவதையும் இடைமறிக்காமல் கேட்டார். பிறகு, "மாப்பிள்ளை, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, எனக்குத்தான் காது கேக்காதே," என்றார். மறுபடி சொன்னான். இன்னும் சத்தமாக என்றார். மூன்றாவது முறை அவன் "என் தப்புதான் அத்தை!" என்று கத்தியபோது, எதிரே ஒரு சலவை இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்த இரண்டு ஆட்கள் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது மேசையில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் தயாராக இருந்தது. மனைவி கம்பியை அளந்து வெட்டிவைத்திருந்தாள், இரண்டு விரற்கடை. இரண்டையும் ஜடைபோல முறுக்கியும் வைத்திருந்தாள். முறுக்கினால் கசிவு குறையும் என்று மேடம் சொல்லிக்கொடுத்தாராம். அவன் பற்றவைத்தான், அவள் டார்ச் பிடித்தாள். ஒரு துளி ஈயம் அவன் விரலில் சொட்டியது. "ஊதாதீங்க, தண்ணியில காட்டுங்க," என்றாள். அது முழுக்க நர்ஸின் குரல். மன்னிப்பு அதில் இருந்ததா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஸ்பீக்கர் முன்பக்க ஓட்டைகளுக்குப் பின்னால், இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. பஞ்சை அவள் பிய்த்து எடுத்து, குப்பைத்தொட்டிவரை எழுந்துபோய்ப் போட்டாள்.

கதவு சாத்தியதும் வந்த முதல் "மாத்திரை போட்டாச்சா?"வில் மேடம் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறுகையால் குமிழைக் குறைத்தார். பச்சைக் கோடு முழு நீளத்துக்கும் படுத்தே கிடந்தது. பனைமரம் இருந்த இடத்தில் ஒரு சின்னச் செடி, சிவப்புக் கோட்டுக்கு நாலு டெசிபல் கீழே.

"இது பாஸ்," என்றார் மேடம். மணி நாலே முக்கால்.

அவன் எழுந்து நின்று மேடத்தின் கையைப் பிடித்துக் குலுக்கப் போனான். அவர் கையில் ஏற்கெனவே வேறொன்று இருந்தது. துப்பாக்கி மாதிரி பிடி, நுனியில் ஊசி. "இவ்வளவு நேரம் பார்த்தது, உங்க பெட்டி அடுத்தவங்களைத் தொந்தரவு பண்ணுதான்னு. இனிமே அடுத்தவங்க தொந்தரவை அது தாங்குதான்னு பார்க்கணும். கார்க் கதவைத் தொட்டா சுள்ளுன்னு இழுக்குமே, அதையே கொஞ்சம் பெரிசா குடுப்பேன். எட்டாயிரம் வோல்ட்."

"விழுந்துடுச்சுன்னா?" என்றாள் மனைவி.

"விழலாம், தப்பில்ல. ஆனா யாரும் தொடாம அதுவா எழுந்திரிக்கணும்."

பக்கத்து அறையில், தரையில் விரித்த தகட்டின்மேல் மேசை. மேடம் பெட்டியின் மூலையில் ஊசியை வைத்தார். நீலமாக ஒரு கீற்று, 'சட்' என்று நகம் முறிகிற ஓசை. ஒன்றும் ஆகவில்லை. மறுமூலை. ஒன்றும் ஆகவில்லை. மூடியின் விளிம்பு. 'சட்'. பெட்டியின் சின்னத் திரை வெளிச்சம் இழுத்துக்கொண்டு கறுத்துப்போயிற்று.

அவன் கை தானாக நீண்டது. பாதி வழியில் மனைவி அதைப் பிடித்துக்கொண்டாள். "தொடாதீங்க." பிடித்த இடம் மணிக்கட்டு, பதினேழு வருடப் பழக்கத்தில் அவள் விரல்கள் போய் நின்ற இடம் நாடி. விடவில்லை. மற்றக் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். எதற்காக நொடிகளை எண்ணுகிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை, பெட்டி எழுந்திருப்பதற்கா, அவன் நாடிக்கா. மேடம் ஊசியைக் கூரைப் பக்கம் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றார். கறுத்த திரையில் மூன்று தலைகள் நிழலாகத் தெரிந்தன. ஓர் ஓரத்தில், பெட்டி ஓடத் தொடங்கும்போது வருகிற மாதிரி, மிளகின் பாதி அளவுக்கு, வெள்ளையாக ஒரு புள்ளி வந்தது, போயிற்று, மறுபடி வந்தது.