சபையின் அனுமதியோடு

வியாழக்கிழமைக் கூட்டத்தில் கதவைப் பூட்டிவிட வேண்டும் என்ற யோசனை கண்ணாடிக்கடைக்காரருடையதுதான். சென்ற ஆண்டு அவர் சேவைச் சங்கத்தின் தலைவராக இருந்தபோது உதித்த ஞானம் அது. அதற்கு முன்பெல்லாம் உறுப்பினர்கள் தேநீர் வரும்வரை கொட்டக் கொட்ட விழித்திருப்பார்கள். பிஸ்கட் தட்டு காலியானதும் ஒவ்வொருவராகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனைநடை போடுவார்கள். சிறப்பு விருந்தினர் கண்ணை மூடி உருக்கமாகப் பேசிவிட்டுத் திறந்து பார்த்தால், நாற்காலிகள்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஊருக்கு உபதேசம் செய்கிற சங்கத்துக்கு இது அழகா என்று பொங்கி எழுந்து, தீர்மானத்தைத் தன் கையாலேயே எழுதினார். கூட்டம் தொடங்கியதும் கதவு உள்ளே பூட்டப்படும். சாவி பல் டாக்டரிடம் இருக்கும். பிறகு வருபவர் வெளியேதான் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் போயே தீர வேண்டுமென்றால், எழுந்து நின்று சபைக்குக் காரணம் சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் கை தூக்கினால் போகலாம். வெட்கத்துக்குப் பயந்தாவது உட்கார்ந்திருப்பார்கள் என்பது கணக்கு. பலித்தது. அச்சகக்காரர் ஒருமுறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து காரணத்தைச் சொல்லி, விளக்கம் கேட்டவர்களுக்கு விளக்கமும் சொல்லி, தூக்கிய கைகளை எண்ணி முடிப்பதற்குள் வெளியே போக வேண்டிய அவசியமே தீர்ந்துவிட்டது. அதன்பின் யாரும் எழுந்ததில்லை.

அப்படிப்பட்ட பூட்டிய அறையில், ஜன்னல்களையும் திரைபோட்டு அடைத்த இருட்டில், முன்வரிசையின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்கடைக்காரரின் சட்டைப்பையில் போன் துடித்தது. மனைவி அனுப்பியிருந்தாள்.

"மக வந்திருக்கா. நாளைக்குன்னு சொன்னவ இன்னைக்கே வந்துட்டா. ஏழரை பஸ்சுல கிளம்பிடுவாளாம். அப்பா தனியா வந்தா பேசுறேங்கிறா. உடனே வாங்க. தனியா."

கடைசிச் சொல்லை அவள் இரண்டு முறை எழுதியிருந்தது கைத்தவறு அல்ல என்பது அவருக்குத் தெரியும்.

மகள் அவரோடு பேசி இரண்டு வருடமாகிறது. அதற்கும் இந்தச் சங்கத்துக்கும் சம்பந்தம் உண்டு. கல்யாணமான இரண்டாம் வருடம் ஒருநாள் அவள் வந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இனி அந்த வீட்டில் இருக்க முடியாதென்று அவரிடம் சொன்னாள். அம்மாவிடம்கூட முதலில் சொல்லவில்லை, அவரிடம்தான் சொன்னாள். அப்பாவானவர் என்ன செய்ய வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். இவர் சங்கத்துக்குப் போன் செய்தார்.

சங்கம் எதையும் அரைகுறையாகச் செய்யாது. ஒருவர் வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் மொத்தமாகக் கிளம்புவது அதன் ரத்தத்தில் ஊறியது. மூன்று வண்டிகளில் பூங்கொத்தோடு போய் மாப்பிள்ளை வீட்டில் இறங்கினார்கள். டயர்க்கடைக்காரர் குடும்பமென்பது நான்கு சக்கரம் என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினார். மாப்பிள்ளை தலையை ஆட்டினார். அத்தனை பேர் எதிரில் வேறு எதை ஆட்டுவது? ஸ்டூடியோக்காரர் போட்டோ எடுத்தார். அது அடுத்த மாத இதழில் 'குடும்ப நல்லிணக்கப் பணி' என்ற தலைப்பில் வந்து, ஆண்டின் சிறந்த சேவைத் திட்டமென்று கேடயமும் வாங்கி, இன்று இதே அறையின் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அதில் மகள் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

போட்டோ எடுத்த மறுவாரமே அவள் பெட்டியோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். வேலை தேடிக்கொண்டாள், விவாகரத்தும் வாங்கிவிட்டாள். சங்கத்துக்கு இதில் ஒரு எழுத்தும் தெரியாது. வாராவாரம் யாராவது, "பொண்ணும் மாப்பிள்ளையும் சௌக்கியமா?" என்று உரிமையோடு கேட்பார்கள். தாங்கள் ஒட்டவைத்த பாத்திரம் ஒழுகாமல் இருக்கிறதா என்று கேட்கிற பெருமிதம் அதில் இருக்கும். அவரும் சௌக்கியம் என்பார். முதல் வாரம் வாய்தவறிச் சொன்னது. பிறகு கேடயம் வந்துவிட்டது. கேடயத்துக்கு அப்புறம் உண்மையை எந்த வாயால் சொல்வது?

ஆகையால் இப்போது அவர் இருந்தது திருடனுக்குத் தேள் கொட்டிய நிலையில்.

மேடையில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் மாடியில் மண்புழு வளர்ப்பதைப் பற்றிப் படம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். மண்புழுவுக்கு ஐந்து ஜோடி இதயம் என்றார். கண்ணாடிக்கடைக்காரருக்கு இருந்த ஒன்றே அந்தப் பத்தின் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு இன்றைய நன்றியுரை அவருடையது. கல்யாண வீட்டில் பந்தல்காரனும் கூட்டத்தில் நன்றியுரைக்காரனும் கடைசியாகத்தான் போக முடியும்.

திரும்பிப் பார்த்தார். கதவருகே பல் டாக்டர், சாவியை விரலில் சுழற்றியபடி, யாருடைய வாயையோ திறக்கக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். என்ன சொல்லிக் கிளம்புவது? மகள் வந்திருக்கிறாள் என்றால் போதும், அனுமதி கிடைத்துவிடும். கூடவே சங்கமும் கிடைத்துவிடும். "நம்ம பொண்ணு வந்திருக்கா" என்று அத்தனை வண்டிகளும் வாசலில் வந்து நிற்கும், பூங்கொத்தோடு. உடம்பு சரியில்லை என்றாலும் அதே வண்டிகள், ஆஸ்பத்திரிக்கு.

திரையில் பத்து புழுக்கள் கடந்தன. வேறு வழியில்லாமல் எழுந்தார். பேச்சாளர் நிறுத்தினார். தற்போதைய தலைவரான டயர்க்கடைக்காரர் மேடையிலிருந்து புருவத்தை உயர்த்தினார்.

வீட்டில் ஒரு சின்ன அவசரம் என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

அவசரம் என்ற சொல் வாயைவிட்டு வந்ததோ இல்லையோ, ஏழெட்டு நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. ஸ்டூடியோக்காரர் கேமராப் பையைத் தோளில் மாட்டினார். தலைவர் கார்ச் சாவியை எடுத்துவிட்டார். "என்ன அவசரம்ணே? சொல்லுங்க, கிளம்புவோம்" என்றார் பல் டாக்டர், கதவைத் திறக்காமலே.

அவருக்கு நாக்கில் முதலில் வந்தது சமையல் வாயு. "ஒண்ணுமில்ல. கேஸ் தீர்ந்துடுச்சாம். வேற ஒண்ணுமில்ல."

சபை ஏமாற்றத்தோடு உட்கார்ந்தது. ஆனால் தலைவருக்கு முகம் மலர்ந்தது. கேஸ் ஏஜென்சிக்காரரும் சங்க உறுப்பினர்தான். அன்று தாமதமாக வந்து, விதிப்படி உள்ளே விடப்படாமல், வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார். தலைவர் மேடையிலிருந்தே அவரைப் போனில் அழைத்து, நம்ம முன்னாள் தலைவர் வீட்டில் அடுப்பு அணைந்துவிட்டது, கையோடு ஒரு சிலிண்டரைக் கொண்டுபோய் நீயே மாட்டிவிட்டு வா என்று உத்தரவிட்டார். அரங்கம் கைதட்டியது. ஒரு உறுப்பினரின் துயரைச் சபையைவிட்டு அசையாமலே தீர்த்த பெருமையில் தலைவர், "உட்காருங்க செயல்வீரரே, புழு முடியட்டும்" என்றார்.

கண்ணாடிக்கடைக்காரர் உட்கார்ந்தார். ஆப்பைப் பிடுங்கிய குரங்குக்குக்கூட வால் மட்டும்தான் மாட்டியது.

போன் அடுத்துத் துடித்தபோது பேச்சாளர் எருவின் வாசனைக்கு வந்திருந்தார்.

"கேஸ்காரர் சங்கத்துச் சட்டையோட சிலிண்டரைத் தூக்கிட்டு வந்து நிக்கிறாரு. எதுக்கு? இங்க ரெண்டு சிலிண்டர் நெறைஞ்சு கிடக்கு. மகளைப் பாத்துட்டு மாப்பிள்ளை வரலையாம்மான்னு கேட்டாரு. தலைவருக்கு அனுப்பணும், ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாங்கிறாரு. அப்பா இன்னும் மாறலைன்னு சொல்லிட்டு அவ பையைத் தூக்கிட்டா. நான் வாசல்ல மறிச்சுட்டு நிக்கிறேன்."

அவர் மீண்டும் எழுந்தார். இம்முறை தன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைவர் சிரித்தார். "சிலிண்டர் வந்துடுச்சில்ல?"

"வந்துடுச்சு" என்றார். "கேஸ் தீரல. நான் பொய் சொன்னேன்."

யாரோ இருமினார்கள். விளக்கைப் போடும்படி தலைவர் சைகை காட்டினார். வெளிச்சம் வந்ததும் எல்லா முகங்களும் தெரிந்தன; அவருக்கு இருட்டே தேவலை என்றிருந்தது. மைக் இல்லாமல் அந்த அறையில் அவர் மனம்விட்டுப் பேசுவது அதுதான் முதல்முறை.

மகள் வந்திருக்கிறாள் என்றார். மூன்று பேர் அனிச்சையாக எழுந்தார்கள். உட்காருங்கள் என்று கையமர்த்திவிட்டு, அவள் கணவரோடு இல்லை, அந்தப் போட்டோ எடுத்த மறுவாரத்திலிருந்தே இல்லை, இரண்டு வருடமாகத் தன்னோடும் பேசவில்லை, சௌக்கியம் சௌக்கியம் என்று தான் சொன்னதெல்லாம் புளுகு என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். எல்லோருடைய பார்வையும் சுவருக்குப் போனது. சட்டத்துக்குள் பூங்கொத்தும் தலைவரும் நடுவில் அவளும் இருந்தார்கள்.

ஸ்டூடியோக்காரர்தான் முதலில் வாய் திறந்தார், மெதுவாக, தன்னைக் காத்துக்கொள்வதுபோல. "அதுல சிரிச்சுட்டுதானே இருக்கு பாப்பா?"

"அழுதுட்டு இருந்தா. நீங்க கொஞ்சம் சிரிம்மான்னு சொன்னீங்க. பெரியவங்க சொன்னா கேக்கணும்னு நான் வளத்த பொண்ணு. சிரிச்சா."

ஸ்டூடியோக்காரர் கேமராப் பையைத் தோளிலிருந்து இறக்கி நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. முரட்டு மனிதர், ஆனால் பிறத்தியார் துயரம் தாங்க மாட்டார், அதுதானே பிரச்சினையே. கார்ச் சாவி மறுபடி கையில் வந்துவிட்டது. "அப்ப நாம பண்ண தப்பு. நாமதான் போயி அந்தப் புள்ளைகிட்ட மன்னிப்புக் கேக்கணும். எல்லாரும் கிளம்புங்க."

"வேணாம் தலைவரே."

"அட, மன்னிப்புக் கேக்கத்தானே..."

"யாரும் வராதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். பொறந்ததுலேர்ந்து அவகிட்ட நான் தனியா போய் நின்னதில்ல. பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கினப்பவும் உங்களைக் கூட்டிட்டுப் போனேன். காய்ச்சல்ல படுத்திருந்தப்பவும் கூட்டிட்டுப் போனேன். இன்னைக்கு என்னை மட்டும் விடுங்க. இதான் காரணம். சபை கையைத் தூக்கினா நான் போறேன்."

சபைக்கு இது புதிது. எதையாவது செய்யச் சொன்னால் எழுந்து ஓடுகிறவர்கள். உட்கார்ந்திருப்பதே உதவி என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அச்சகக்காரரின் கை உயர்ந்தது. அந்த இடத்தில் நின்றவரின் கஷ்டம் அவருக்குத்தான் தெரியும். பிறகு ஒவ்வொன்றாக உயர்ந்தன. மண்புழுக்காரர் உறுப்பினர் அல்ல, ஓட்டும் கிடையாது, அவரும் தூக்கினார். தலைவர் மட்டும் சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அதைப் பைக்குள் போட்டுவிட்டு, காலியான அந்தக் கையைத் தூக்கினார்.

பல் டாக்டர் எண்ணவில்லை. பூட்டில் சாவியைத் திணித்துத் திருகினார். அவசரத்தில் தவறான பக்கம் திருகி, "ச்சே" என்று தன்னையே திட்டிக்கொண்டு, மறுபக்கம் திருகித் திறந்துவிட்டார். "பாத்துப் போங்கண்ணே" என்று மட்டும் சொன்னார். நன்றியுரை என்று ஒன்று இருப்பது யாருக்கும் நினைவில்லை.

ஸ்கூட்டரில் போகும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். நம்பிக்கையில்லை. டயர்க்கடைக்காரரின் வெள்ளைக் கார் எந்தச் சந்திலிருந்தும் முளைக்கலாம். ஒரு வெள்ளைக் கார் வரவும் செய்தது. அது வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு நேரே போயிற்று.

வாசலில் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். படியில் மகள், தோளில் பை. வேலியோரம் கேஸ் ஏஜென்சிக்காரர், சிலிண்டரை ஊர் எல்லைக் கல்போல நிறுத்திவிட்டு, போனில் யாருக்கோ சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, அவர்களில் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், வண்டியை உயிர்ப்பிக்காமல் தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போனார். சிலிண்டரை மறந்துவிட்டார்.

மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"மத்தவங்க எங்க?"

"வரல."

"பின்னாடி வர்றாங்களா?"

"வேணாம்னு சொல்லிட்டேன்."

"கேட்டாங்களா?" அதை அவள் நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

"கேட்டாங்க" என்றார். அவருக்கே நம்ப முடியவில்லை.

மனைவி, காரணமே இல்லாமல், அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மகள் பையைக் கீழே வைக்காமலே படியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள். அவர் ஒரு ஆள் இடம் விட்டு அதே படியில் உட்கார்ந்தார். ஆயிரம் கூட்டத்தில் பேசிய வாய். தொண்டையைக் கனைத்தார்.

"கனைக்காதீங்கப்பா" என்றாள். "பேச்சு ஆரம்பிக்கிற மாதிரி இருக்கு."

எதிர்வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். கனைக்காததால் குரல் கரகரவென்றுதான் வந்தது.

"அன்னைக்கு நீ சொல்லிட்டு இருந்தப்ப, நான் எந்திரிச்சு போன் பண்ணப் போயிட்டேன். பாதியில போயிட்டேன். மீதி என்னன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

மகள் பையின் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள். பஸ்சுக்கு இன்னும் நேரமிருந்தது.

"நீளமா இருக்கும்" என்றாள்.

"இருக்கட்டும்" என்றார். உட்கார்ந்தே இருந்தார்.