இரண்டாம் பொத்தான்

என் வண்டிக்கு நான்கு கதவுகள். அந்த ஒரே காரணத்துக்காக வாடகைக் கார் ஆப் அதைச் சாதாரண செடான் என்று சேர்த்துக்கொண்டது. பானெட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அது எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பயத்தில் அதுவே அணைந்து போயிருக்கும்.

பந்தயத்தில் ஓட வேண்டிய எஞ்சினுக்குக் குடும்பஸ்தன் சட்டையை மாட்டி நிறுத்தியது போன்ற வண்டி. எனக்கு மிகைப்படுத்திப் பேசத் தெரியாது. ஒரு பயணி வங்கி வாசலில் தும்ம ஆரம்பித்தார். விமான நிலையத்தில்தான் முடித்தார். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டே ஏறினார்கள். சண்டை மாமியார் பக்கம் திரும்புவதற்குள் இறங்குமிடம் வந்துவிட்டது. "இன்னொரு ரவுண்டு போங்க சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றாள் அந்தப் பெண்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததை அப்படியே இந்த வண்டியில் போட்டேன். பதிவு செய்தது மனைவியின் பெயரில். வாழ்நாள் முழுக்க பஸ் கம்பியில் தொங்கியவளிடம் சாவியை நீட்டி, "உன் பேர்ல" என்று சொல்லிப் பார்க்க ஆசை. சொன்னேன்.

அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"அழகாத்தான் இருக்கு. நெறைய குடிக்குமோ?"

"கொஞ்சம்."

பெட்ரோல் பங்க்கில் என்னைக் கண்டாலே எழுந்து நிற்கிறார்கள் என்பது ஒரு வாரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "இந்த வீட்டுல குடிகாரன்னு யாரும் கெடையாது. இது ஒண்ணுதான். அதுவே சம்பாதிச்சுக் குடிக்கட்டும். முடியலன்னா வித்துடுங்க" என்றாள்.

அப்படித்தான் நான் வாடகைக் கார் ஓட்டுநர் ஆனேன். பெட்ரோலை வண்டியே சம்பாதிக்கிறவரை வண்டி எனக்கு. அதுதான் பேச்சு. வாந்தி எடுக்கிற குழந்தைகளையும் மீன் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு அந்தப் பேச்சைக் காப்பாற்றினேன்.

ஓட்டுநர் கதவின் உட்புறத்தில் மூன்று பொத்தான்கள் உண்டு. சீட்டின் ஞாபகசக்தி அவற்றில்தான் இருக்கிறது. ஒருவருக்கு ஏற்ற இடத்தை ஒன்றில் பதிந்துவிட்டால், அமுக்கியதும் சீட்டு அங்கே போய் நிற்கும். முதல் பொத்தான் நான். நான் உயரத்தில் சிக்கனமான ஆள். அமுக்கினால் சீட்டு முனகிக்கொண்டே மேலே எழுந்து, முன்னே நகர்ந்து, என்னை ஸ்டியரிங்கிடம் ஒப்படைக்கும். இறங்கக் கதவைத் திறந்தால் தானாகப் பின்னுக்குப் போய்விடும். "ரெண்டாவது உனக்கு. நீ ஓட்டக் கத்துக்கிட்டா அதுல உன்னப் பதிஞ்சு வைக்கலாம்" என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். "எனக்கெதுக்கு?" என்றாள். இருந்தாலும் அந்தப் பொத்தானை நான் தொடவில்லை. அவளுக்கென்று அப்படியே விட்டு வைத்திருந்தேன்.

ஒருநாள் முழங்கை தவறி இரண்டாவதில் பட்டுவிட்டது. சீட்டு என்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. பின் சீட்டுப் பயணி நகர்ந்து இடம் விட்டார். என் கால்கள் பிரேக்கைத் தேடி அந்தரத்தில் ஆடின. கண்ணாடி வழியே வானம் மட்டும் தெரிந்தது. அந்த அளவுக்குக் கால் நீண்டவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. அவளும் குட்டை. அவளுடைய தம்பியும் குட்டை.

இந்தத் தம்பி தினமும் மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். எல்லாவற்றுக்கும் யோசனை சொல்வான். வேலை மட்டும் கிடையாது. அதனால் அவனுக்கு ஆலோசகர் என்று பெயர். அவனிடம் கேட்டேன்.

"எலெக்ட்ரானிக்ஸ் அத்தான். வெயில்ல நின்னா அதுவா எதையாவது நெனச்சுக்கும்" என்றான், வாயில் சோற்றோடு.

நம்பினேன். பொய்யிலேயே ஊறிய எனக்கு, ஒரு பொய் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவது தெரியவில்லை.

எனக்குத் தெரியாமல் வண்டியை எப்போது எடுத்திருப்பார்கள் என்று கேட்பீர்கள். நான் மத்தியானம் சாப்பிட்டால் தூங்குவேன். என் தூக்கத்தைப் பற்றி ஊருக்கே தெரியும். ஒருமுறை எதிர்வீடு தீப்பிடித்து, தீயணைப்பு வண்டி வந்து போய், அவர்கள் அதே இடத்தில் மாடிவீடு கட்டிக் குடியேறிய பிறகுதான் நான் கண் விழித்தேன்.

அன்றைக்கும் பசி வந்ததும் ஆப்பில் 'வீட்டுத் திசை' என்பதை அமுக்கினேன். வீட்டுக்குப் போகிற வழியிலுள்ள சவாரி மட்டும் வரும். காலியாகத் திரும்ப வேண்டாம். உடனே ஒரு சவாரி விழுந்தது. பல் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பல் டாக்டர் நின்றிருந்தார். அவருடைய தலை முதலில் ஏறியது. கால்கள் சற்று நேரம் கழித்து வந்து சேர்ந்துகொண்டன.

பின்கதவு ஒன்று முரண்டு பிடிக்கும். கைப்பிடியை மேலே தூக்கி, பிறகு இழுக்க வேண்டும். ஒவ்வொரு பயணிக்கும் நான் கத்திச் சொல்ல வேண்டியிருக்கும். இவர் ஏறும்போது, நான் சொல்லாமலே தூக்கி இழுத்திருந்தார்.

"அட, அதே வண்டி! ஓனரே அனுப்பி வெச்சுட்டாரா?"

"எந்த ஓனர் சார்?"

"உங்க ஓனர்தான். குள்ளமா இருப்பாரு, நல்லா பேசுவாரே. மூணு மணிக்கு மேலதான் வரச் சொன்னாரு. எனக்குத்தான் ஆச தாங்கல. இன்னிக்குப் பணத்தக் குடுத்து வண்டிய எடுக்கிறேன்ல?"

போனைப் பார்த்தேன். இறங்குமிடம் என்று இருந்தது என் வீட்டு விலாசம்.

"நீங்கதானே டிரைவர்? உங்களப் பத்தியும் சொன்னாரு."

"என்ன சொன்னார்?"

"தப்பா எடுத்துக்காதீங்க பெரியவரே. நல்ல மனுஷன்தான், வாயத் தொறந்தா மட்டும் எதையும் நம்பாதீங்கன்னாரு."

மச்சான் செய்தது பெரிதாக வலிக்கவில்லை. தினமும் எங்கள் வீட்டில் சாப்பிட்ட கை வேறு எதைச் செய்யும்?

"அந்தம்மாதான் தங்கமானவங்க" என்று அவர் தொடர்ந்தார். "ஓட்டிப் பாக்க வந்தப்ப எல்லாம் டீ போட்டுக் குடுத்தாங்க. என் காலுக்கு சீட்டு பத்தலன்னதும் அவங்களே வந்து, ரெண்டாவது பொத்தான் சும்மாதான் இருக்கு, அதுல பதிஞ்சுக்கோங்கன்னாங்க."

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். சொல்ல ஒரு கதைகூட வாய்க்கு வரவில்லை.

"கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன். இது பறக்கும்னாங்களே."

அந்த வண்டி வாழ்க்கையில் முதல்முறையாக ஊர்ந்தது அன்றுதான். சைக்கிளில் போன தபால்காரர் திரும்பிப் பார்த்து, "தள்ளி விடட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எவ்வளவு மெதுவாகப் போனாலும் வீடு நகர்ந்துவிடாது என்பது அப்போதுதான் உறைத்தது.

மனைவி வாசலில் நின்றிருந்தாள், கல்யாணங்களுக்குக் கட்டுகிற புடவையில். பின்சீட்டிலிருந்து பல் டாக்டர் விரிந்து எழுந்தார். முன்சீட்டிலிருந்து நான் இறங்கினேன். ஆலோசகர் என்னைப் பார்த்ததும், தண்ணீர்த் தொட்டி வழிகிறது என்று மொட்டைமாடிக்கு ஓடினான். தொட்டியில் இரண்டு நாளாகத் தண்ணீரே இல்லை.

"சீக்கிரம் வந்துட்டீங்க" என்றாள்.

"சவாரி கெடச்சுது. நம்ம வீட்டுக்கே."

டாக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவரு..?"

"டிரைவர்தான் சார். ஓனர் அவங்க" என்றேன். இரண்டும் உண்மை. அவள் தலைகுனிந்துகொண்டாள். டாக்டரை உள்ளே உட்கார வைத்துவிட்டு வாசலுக்குத் திரும்பி வந்தாள்.

"அவனுக்கு ஒரு கடை வெச்சுக் குடுக்கணும்ங்க. எத்தன காலத்துக்கு நம்ம வீட்டுலயே உக்காந்திருப்பான்?"

"வண்டி அதோட பெட்ரோல அதுவே சம்பாதிச்சுதா இல்லையா?"

"சம்பாதிச்சுது."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா சரின்னிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

அவள் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வண்டில என் சாமான் இருக்கு. எடுத்துட்டு சாவி தரேன்" என்றேன்.

சாமான் என்று இருந்தது ஒரு கறுப்புக் கண்ணாடியும் துடைக்கும் துணியும்தான். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றை அமுக்கினேன். சீட்டு முனகிக்கொண்டு எழுந்து, நகர்ந்து, என்னைக் கொண்டு சேர்த்தது. அப்படியே இருந்தபடி இரண்டாவது பொத்தானிலும் என்னைப் பதிந்தேன். மூன்றாவதிலும் பதிந்தேன். சாவியை மனைவியின் கையில் வைத்துவிட்டு, கூடத்துச் சாய்வு நாற்காலியில் போய்ச் சாய்ந்தேன். விற்பனைக் காகிதத்தில் கையெழுத்து அவளுடையது. என்னை யாரும் கூப்பிடவில்லை.

போன் அதிர்ந்தது. டாக்டர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். 'மிக நிதானமான ஓட்டுநர்' என்று எழுதியிருந்தார். இந்த வண்டியை வைத்துக்கொண்டு நான் வாங்கிய ஒரே வசவு.

சற்று நேரத்தில் வாசலில் சீட்டு முனகியது. "ஐயோ, முட்டி, முட்டி!" என்றார் டாக்டர். கதவு திறந்து மூடியது. மறுபடி முனகியது. "இதுவும் அதேதான்!" என்றார். பிறகு ஹாரன் அடித்தது. மூக்கால் அடித்திருக்க வேண்டும்.

"அம்மா, இத எப்படி மாத்துறது?"

"அவரத்தான் கேக்கணும்" என்றாள். அவள் செருப்புச் சத்தம் கூடத்துக்குள் வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றது. "என்னங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெதுவாக, "என்னங்க."

நான் கண்களை மூடிக்கொண்டேன். என் தூக்கத்தைப் பற்றித்தான் ஊருக்கே தெரியுமே.