முதல் பிரதி

முதல் பிரதி கொடுக்காமல் எங்கள் ஆட்கள் எதையும் வெளியிட மாட்டார்கள். புத்தகமோ பாட்டோ, ஒரு பெரிய மனிதர் மேடையேறி இரண்டு கையாலும் வாங்க வேண்டும். படம் எடுக்க வேண்டும். பிறகுதான் றோல்ஸும் தேத்தண்ணியும்.

என் கணவர் கிளிபோட், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மில்லிக்கனில், எங்கள் வீட்டு பேஸ்மென்டில் பாட்டுக்கு இசை போட்டுப் பதிவு செய்கிறவர். அவர் கடைசியாகப் போட்ட பாட்டைப் பாடியது எங்கள் மகன் ஜோசுவா. ‘கதவைத் திறவுங்கோ அம்மா, நான் வாறன்’ என்று தொடங்கும். பாடி முடித்த அந்தக் குளிர்காலத்திலேயே நானூற்றொன்று நெடுஞ்சாலையில் பனியில் சறுக்கிய கார் அவனைக் கொண்டுபோய்விட்டது.

கிளிபோட்டின் பழைய பாட்டுகளை வைத்திருந்த இணையத்தளம் சொல்லாமல் கொள்ளாமல் மூடப்பட்டிருந்தது. அந்தப் பயத்தில்தான் அவர், பாட்டையும் அதன் உரிமையையும் சேர்த்துப் பதிந்து வைக்கும் புளொக்செயின் தளம் ஒன்றைத் தேடிப் பிடித்தார்.

“இதில ஏத்தினா ஆராலையும் அழிக்கேலாது, மெலனி. நாங்கள் செத்தாலும் பிள்ளையின்ர குரல் இருக்கும்.”

அதைக் கேட்டு நான் அழுதேன். ஓம் என்றேன்.

வெளியீட்டுக்கு ஹோல் எடுத்தோம். முதல் பிரதி வாங்க வீடு விற்கும் இராஜரட்ணம் அண்ணை வந்தார். கையில் கொடுக்கத்தான் ஒன்றும் இல்லை. பாட்டு போனுக்குள் அல்லவா இருக்கிறது! அறிவிப்பாளர் இக்னேசியஸுக்கு வாய் சும்மா இருக்குமா?

“இது டிஜிட்டல் காலம்! அண்ணையின்ர போனுக்கே அனுப்பிவிடுங்கோ!”

சபை கைதட்டியது. கிளிபோட் தன் போனில் அந்தப் பாட்டைத் தொட்டு, ‘அனுப்பு’ என்பதை அழுத்தினார். அண்ணையின் போன் சிணுங்க, எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் சிரித்துக்கொண்டு படத்துக்கு நின்றேன்.

போனது பிரதி அல்ல. பாட்டின் முழு உரிமையும் போயிருந்தது.

அடுத்த நாள் தளத்தில் பாட்டு எங்கள் பெயரில் இல்லை. ஓடிப்போய் அண்ணையிடம் கேட்டோம். நல்ல மனிதர், முகம் வெளிறிப்போனார். வெளியீட்டுப் படம் முகநூலில் ஏறியதிலிருந்து அவருடைய போனில் வாழ்த்து வந்து குவிந்திருக்கிறது. அதற்குள் யாரோ பாட்டை விலைக்குக் கேட்ட செய்தியும் வந்திருக்கிறது. அதையும் வாழ்த்தென்று நினைத்து, ‘சம்மதம்’ என்பதை அழுத்திவிட்டார்.

“தம்பி, என்னை மன்னிச்சுக்கொள். நான் அதை வாசிக்கேல்லை,” என்று கிளிபோட்டின் கையைப் பிடித்து அழுதார். யாரோடு சண்டை போடுவது?

அந்தத் தளத்துக்கு எழுதினோம். தானாக ஒரு பதில் வந்தது: நடந்த பரிமாற்றத்தை மாற்ற முடியாது. பேசுவதற்கு ஒரு மனிதரும் அங்கே இல்லை. வாங்கியவனுக்கும் பெயரில்லை, எண்களும் எழுத்துகளும்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செருப்புக் கடைக்காரன்கூட அளவு பிழை என்றால் திருப்பி எடுக்கிறான். கலைஞனுக்காகவே செய்தோம் என்று மார்தட்டுகிறவர்கள், ‘பிரதியைக் கொடுக்கிறாயா, பாட்டையே கொடுக்கிறாயா’ என்று ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா? ஓரிரவு பொறுத்து, ‘உண்மையாகத்தானா’ என்று இன்னொரு தரம் கேட்டிருக்கக் கூடாதா? ஒரு மனிதரைப் போனடியில் வைத்திருந்தால் என்ன குறைந்துபோகும்? இதையெல்லாம் கேட்கலாம். கேட்டு என்ன? என் பிள்ளை போய்விட்டான், இரண்டாம் தரமும்.

போன ஞாயிறு பூசை முடிந்து காரில் வந்தோம். தமிழ் வானொலி போய்க்கொண்டிருந்தது. திடீரென்று காருக்குள் ஜோசுவா.

“கதவைத் திறவுங்கோ அம்மா, நான் வாறன்…”

அடுத்த சொல்லுக்குள் ஒரு பெண் குரல் குதித்தது: “உங்கள் கனவு வீட்டின் கதவைத் திறக்க, இன்றே அழையுங்கள்! குறைந்த வட்டியில் வீட்டுக் கடன்!”

கிளிபோட் காரை ஓரங்கட்டினார். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, “ஆராலையும் அழிக்கேலாது எண்டு சொன்னனான்,” என்றார்.

இப்போது அந்த விளம்பரம் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் வருகிறது. வானொலியை நிறுத்த வேண்டும் என்று கையை நீட்டுவேன். பிறகு கையை எடுத்துவிடுவேன். என் பிள்ளை வாறன் என்று சொல்லும்போது நான் எப்படி நிறுத்துவது?