பெயர்ப்பலகை இறங்கிய நாள்

வங்கிக்கு நேர் எதிரே இருந்தது அந்தத் தையல்கடை. நடுவில் இருபது அடி எடுத்து வைத்தால் கடந்துவிடக்கூடிய தெரு. கடைக்காரிக்கு ஊர் வைத்த பெயர் ரேடியோ அக்கா. வாய் ஓயாது என்பதால் வந்த பெயர். கை அதைவிட ஓயாது என்பதால் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. பள்ளிச் சீருடை தைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பிள்ளைகள் வளரும் என்று தெரிந்து, ஒவ்வொரு தையலுக்கும் உள்ளே இரண்டு விரல் துணி கூடுதலாக விட்டு மடித்துத் தைப்பாள். அடுத்த வருஷம் பிரித்துவிட்டால் போதும், பழைய சட்டை மறுபடி பொருந்தும்.

பேச்சிலும் அவளுக்கு அதே பழக்கம். கண்டதைச் சொல்லும்போது இரண்டு விரல் கூட்டித்தான் சொல்வாள். யாரையும் கெடுக்க வேண்டும் என்று அல்ல. கேட்பவருக்குச் சுவையாக இருக்கட்டுமே என்றுதான்.

அன்று காலை கடையைத் திறந்து, வழக்கம்போல் கண்ணை மூடி எல்லாரும் நல்லா இருக்கணும் என்று கடவுளை வேண்டிக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரே ஏணி சாத்தியிருந்தது. இரண்டு பேர் வங்கியின் பெயர்ப்பலகையைக் கழற்றி இறக்கி, ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மேனேஜர் வாசலில் நின்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தைக்கக் கொடுத்த பாவாடையை வாங்க வந்த பள்ளிக்கூட டீச்சர், "என்னக்கா, அங்கேயே பார்த்துக்கிட்டு இருக்கீங்க?" என்றாள்.

"பாங்க் போர்டைக் கழட்டிட்டுப் போறாங்க டீச்சர். மேனேஜர் அழுதுக்கிட்டு நிக்கிறாரு."

"அழறாரா?"

ஊசியில் நூல் கோத்தபடியே அக்கா அந்த இரண்டு விரல் துணியை விட்டாள். "நெஞ்சுல கை வச்சு, 'எல்லாம் போச்சு'ன்னாரு. பாவமா இருந்துச்சு."

அவ்வளவுதான். டீச்சர் பாவாடையோடு போய்விட்டாள். அக்கா அடுத்த சட்டைக்குக் காஜா போட ஆரம்பித்தாள். பத்து நிமிஷத்தில் சொன்னதையே மறந்தும் போனாள்.

பதினோரு மணிக்குப் பள்ளி பஸ் டிரைவர் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே குனிந்து கத்தினார். "அக்கா, இன்னும் தைச்சுக்கிட்டா இருக்கீங்க? பாங்க் முழுகிப்போச்சாம். தலைமை ஆபீஸ்ல சீல் வச்சுட்டாங்களாம். பணம் போட்டவங்க ஓடிப்போய் எடுத்துக்குங்க."

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது."

ஊரே சொன்னால் பொய்யாகவா இருக்கும்? புது ஓவர்லாக் மெஷின் வாங்க நான்கு வருஷமாகச் சேர்த்த நாற்பதாயிரம் அங்கே இருந்தது. அக்கா மெஷினின் மேல் சட்டையை அப்படியே போட்டுவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு தெருவைக் கடந்தாள். கடை பக்கத்தில் இருந்ததால் வரிசையில் ஐந்தாவது ஆளாக நின்றாள். பணம் கைக்கு வந்தபோது, பின்னால் வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "கடவுள் என்னைக் காப்பாத்திட்டாரு" என்று சொல்லிக்கொண்டாள்.

மதியம் இரண்டு மணிக்கு மேனேஜர் வெளியே வந்தார். "இன்னிக்கு இருந்த ரொக்கம் தீர்ந்துடுச்சுங்க. நாளைக் காலையில தலைமை ஆபீஸ்ல இருந்து பணம் வந்துடும். யார் பணமும் போகாது. தயவுசெஞ்சு நம்புங்க" என்றார். யாரும் நம்பவில்லை. கூட்டம் நெருக்கியடித்தது. வேறு வழியில்லாமல் ஷட்டரை இறக்கினார்கள். அது தரையில் மோதிய சத்தம் அக்காவின் கடை வரைக்கும் கேட்டது. சிலர் கையால் ஷட்டரை அறைந்தார்கள். வாயில் வந்ததையெல்லாம் பேசினார்கள்.

ஒதுங்கி நின்றவர் ஒருவர்தான். ரொட்டிக்கடை அண்ணன். கைகளில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.

அக்கா அவர் பக்கத்தில் போனாள். "என்னண்ணே, உங்களுக்குக் கிடைக்கலையா?"

"எனக்கு முன்னால எட்டு பேரு இருக்கும்போது தீர்ந்துடுச்சும்மா. நாளைக்கு உங்க அண்ணிக்கு இதய ஆபரேஷன். இன்னிக்கு ஆறு மணிக்குள்ள தொண்ணூறாயிரம் ரொக்கமா கட்டணும். கட்டலைன்னா அந்தத் தேதியை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அடுத்த தேதி ரெண்டு மாசம் கழிச்சுத்தான். அவ்வளவு நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"தேதியை மாத்தாம ஒருநாள் தள்ளிக் கட்டக் கூடாதா?"

"கேட்டுட்டேன்மா." அவர் சீட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "யாரைச் சொல்லி என்ன? மேனேஜரே நெஞ்சுல கை வச்சு 'எல்லாம் போச்சு'ன்னு அழுதாராம். காதால கேட்ட ஆளு இருக்காம்."

அக்காவின் கை பையின் மேல் உறைந்து நின்றது.

நெஞ்சில் கை வைத்தது. எல்லாம் போச்சு. அது அவள் தைத்தது. அவள் உள்ளே விட்டு மடித்த அந்த இரண்டு விரல் துணி. ஒவ்வொரு வாயும் பிரித்துவிட, ஊரையே போர்த்தும் அளவுக்கு நீண்டு, கடைசியில் அவளிடமே வந்திருந்தது. அவளும் அதை நம்பித்தான் ஓடியிருக்கிறாள்.

அதைக் கிளப்பியவள் அவள்தான் என்று அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. பையோடு இருபது அடி நடந்தால் கடை. காலையில் கண்ணை மூடி என்ன வேண்டிக்கொண்டோம் என்று அவளுக்கு ஞாபகம் வந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஷட்டரைத் தட்டினாள். "மேனேஜர் சார், நான் எதிர்க் கடைதான். பணம் எடுக்க வரலை. போட வந்திருக்கேன்."

ஷட்டர் இடுப்பளவு உயர்ந்தது. மேனேஜர் குனிந்து பார்த்தார். ஒரு கண் மிளகாய்போல் சிவந்திருந்தது.

"சார், காலையில எதுக்கு அழுதீங்க?"

"நான் எங்கம்மா அழுதேன்? போர்டுல இருந்த துரு கண்ணுல விழுந்துடுச்சு. பெயின்ட் அடிக்கக் குடுத்திருக்கோம், நாளன்னிக்கு வந்துடும்."

அக்கா கூட்டத்தின் பக்கம் திரும்பி, படியில் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. 'எல்லாம் போச்சு'ன்னு மேனேஜர் சொல்லலை. நான்தான் சொன்னேன். தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்து எனக்கு எதுவும் கேக்கலை. போர்டு இறங்குறதைப் பார்த்தேன், மிச்சத்தை நானே சேர்த்துச் சொன்னேன். இருபது அடி நடந்து வந்து அவரையே கேட்டிருக்கலாம். கேக்கலை."

"ரேடியோ அக்கா வேலையா இது?" என்றார் பஸ் டிரைவர். "ஒரு லிட்டர் டீசலை வீணாக்கி ஊரெல்லாம் நான் வேற சொல்லிக்கிட்டு வந்தேனே."

சிலர் சிரித்தார்கள். சிலர் திட்டினார்கள். எல்லாவற்றையும் அவள் நின்று வாங்கிக்கொண்டாள்.

"அப்போ பெட்டியில பணம் ஏன் தீர்ந்துச்சு?" என்று ஒரு குரல் கேட்டது.

மேனேஜர் வெளியே வந்தார். "நீங்க போடுற பணத்தை நாங்க பெட்டியில பூட்டி வைக்கிறதில்லைங்க. அது கடனா இந்த ஊருலயே நடமாடுது. டிரைவர் ஓட்டுற பஸ் அதுல வாங்கினது. அண்ணனோட ரொட்டி அடுப்பு அதுல கட்டினது. இந்த அம்மா தைக்கிற மெஷின் அதுலதான் வந்துச்சு. எல்லாரும் ஒரே நாள்ல வந்து கேட்டா எந்த பாங்க்காலயும் குடுக்க முடியாது. ஆளுக்குக் கொஞ்சம் பொறுத்தா, எல்லாருக்கும் குடுக்க முடியும்."

ஷட்டர் முழுதாக ஏறியது. அக்கா உள்ளே போய்ப் பையைக் கவுன்டரில் கவிழ்த்தாள். "நாற்பதாயிரம். என் கணக்குல போட்டுட்டு, அண்ணனுக்கு அவர் பணத்தைக் குடுங்க. எங்க அண்ணிக்கு நாளைக்கு ஆபரேஷன்."

இன்னும் ஐம்பதாயிரம் வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் மூன்றேகால்.

டீச்சர் முன்னால் வந்தாள். முகம் கன்றியிருந்தது. "நீங்க ஒருத்தர்கிட்ட சொன்னீங்க. ஸ்டாஃப் ரூம்ல பதினாறு பேர்கிட்ட சொன்னது நான்தான்" என்று சொல்லி, எடுத்திருந்த இருபதாயிரத்தை வைத்தாள். பஸ் டிரைவர் சட்டைப் பையிலிருந்த பணக் கவரை எடுத்தார். "அண்ணன் அடுப்பு அணைஞ்சா நாளைக்கு நான் எதைத் தின்னுட்டு வண்டி ஓட்டுறது? இந்தாங்க முப்பது." அதன் பிறகு பணம் வருவது நிற்கவில்லை. காலையில் எடுக்க நின்ற அதே வரிசை, இப்போது போடுவதற்கு நின்றது. கேஷியருக்குச் சீட்டு எழுதி எழுதிப் பேனா தீர்ந்துபோனது. அக்கா தன் அளவு எழுதும் பேனாவைக் கொடுத்தாள்.

மூன்றரை மணிக்கு ரொட்டிக்கடை அண்ணன் தொண்ணூறாயிரத்தோடு பள்ளி பஸ்ஸில் ஏறினார். டிரைவர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே கிளம்பினார். ஐந்தரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது: கட்டியாகிவிட்டது. அதைக் கேட்டதும் வங்கியில் கை தட்டிய சத்தம் தெருமுனை வரை போனது.

இரண்டு நாள் கழித்துப் பெயர்ப்பலகை வந்து ஏறியது. அதே நாளில் அண்ணி கண்விழித்துக் கஞ்சி குடித்தாள் என்ற செய்தியும் வந்தது. சட்டைக்கு அளவு கொடுக்க வந்த டீச்சர், "அண்ணி எப்படி இருக்காங்களாம் அக்கா?" என்று கேட்டாள்.

"கண்ணு முழிச்சாங்க. கஞ்சி குடிச்சாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் டீச்சர் எனக்குத் தெரியும். மிச்சத்தை அண்ணன்கிட்டயே கேட்டுக்குங்க." அக்கா மெஷினை மிதித்தபடியே சிரித்தாள். "துணியில உள்ள விட்டுத் தைக்கலாம், நாளைக்குப் பிள்ளைக்கு உதவும். பேச்சுல விடக் கூடாது. நான் விட்ட ரெண்டு விரல்ல ஒரு உயிர் போகப் பார்த்துச்சு. கேட்டதைச் சொல்றதுக்கு முன்னால, இருபது அடி நடந்து உண்மையான்னு கேட்டுட்டு வந்துட்டா, யாருக்கும் எதுவும் போகாது."