மொழிபெயர்த்தவர்: ராதிம் கொலீனெக்

1970 வசந்தத்தில் எங்கள் பதிப்பகத்தில் ஒவ்வொருவரையும் தனியாக அறைக்குள் கூப்பிட்டார்கள். மேசைமேல் ஒரு தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் நாட்டுக்குள் நுழைந்த அந்நிய டாங்கிகள் சகோதர நாடுகள் செய்த உதவி என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. நான் போட்டுவிட்டு வெளியே வந்தேன். எனக்கு அடுத்து உள்ளே போன டக்மார் போடவில்லை.

நானும் அவளும் ப்ர்னோ நகரில் ஒரே வகுப்பில் போர்த்துக்கீசியம் படித்தவர்கள். என்னைவிட அவள் கெட்டிக்காரி என்பது வகுப்புக்கே தெரியும். அந்த வாரமே அவளுக்கு வேலை போயிற்று. அவள் பெயரில் இனி எதுவும் அச்சாகாது என்று ஆகிவிட்டது. கடைசியில் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு துவைக்கப் போனாள்.

1974இல் லிஸ்பனில் ராணுவத்தார் பழைய சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்தார்கள். உடனே எங்கள் மேலிடத்துக்குப் போர்த்துக்கல்மேல் பாசம் பொங்கியது. அங்கே தடைசெய்து வைத்திருந்த மீனவர் நாவல் ஒன்றை அவசரமாக மொழிபெயர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். அறுநூறு பக்கம். என்னிடம் கொடுத்தார்கள். அன்று மாலையே அதை எடுத்துக்கொண்டு டக்மாரின் ஒற்றை அறைக்குப் போனேன்.

"நீ பண்ணு. என் பேர்ல வரட்டும். பணம் முழுக்க உனக்கு."

புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டாள், "மாட்டிக்கிட்டா?"

"ரெண்டு பேருக்கும் வேலை போகும்."

"எனக்கு என்ன வேலைடா இருக்கு போறதுக்கு? பெட்ஷீட்டைப் பிடுங்கிக்குவாங்களா?" என்று சிரித்தாள். பிறகு முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள். நான் கிளம்பியதைக்கூடக் கவனிக்கவில்லை.

அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டதிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருந்த ஒன்று அன்று கொஞ்சம் அடங்கியது. நல்ல காரியம்தான் செய்தேன், அதுவரைக்கும்.

மூன்று வருடம் பிடித்தது. வாரம் ஒருநாள் போய் எழுதிய பக்கங்களை வாங்கிவந்து என் தட்டச்சுப் பொறியில் அடிப்பேன். எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது. கடலுக்கான சொற்களும் பாதி கிடையாது. அலை கூழாங்கற்களை இழுத்துக்கொண்டு திரும்பும் சத்தத்துக்கு அவள் ஒரு வருடம் சொல் தேடினாள். ஒருநாள் கதவைத் திறந்ததுமே சொன்னாள்:

"கிடைச்சிடுச்சு. மூச்சிழுப்பு. சலவை மிஷின்ல தண்ணி வடியும்போது எங்க பொம்பளைங்க சொல்ற வார்த்தை. 'மூணாம் நம்பர் மூச்சிழுக்குதுடி'ன்னு கத்துவாங்க."

1978இல் புத்தகம் வந்தது, 'மொழிபெயர்த்தவர்: ராதிம் கொலீனெக்' என்று என் பெயரோடு. ஒரே மாதத்தில் தீர்ந்தது. அந்த வருடத்தின் மொழிபெயர்ப்புப் பரிசை எனக்குக் கொடுத்தார்கள். அதை மறுக்க முடியாது. மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். பிறகு வானொலியில் பேட்டி. "மூச்சிழுப்பு என்ற சொல்லை எப்படிப் பிடித்தீர்கள்?" என்று கேட்டார் பேட்டியெடுத்தவர். எத்தனையோ சொல்லி நழுவியிருக்கலாம். நான் ஒரு கதை சொன்னேன். வெள்ளக் காலத்தில் அணைக்கட்டு மதகருகே விடியும்வரை நின்று காது கொடுத்துக் கேட்டதாகச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது நடந்த மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் போனபோது டக்மார் காபி ஊற்றிக்கொண்டே சொன்னாள், "மதகா. பரவாயில்லை, ஜோரா இருந்துச்சு. அந்த வார்த்தையைச் சொன்ன எங்க டோன்யா கேட்டிருந்தா உன்னை மிஷினுக்குள்ள போட்டுச் சுத்தியிருப்பா."

"எனக்கு வேற வழி தெரியலை, டக்மார்."

"தெரியும்டா. குடி, ஆறிடும்."

கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதன்பிறகு நான் போவது மாதம் ஒன்றாயிற்று, பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை என்று குறைந்தது. இன்னொரு புத்தகம் கொண்டுபோகவே இல்லை. ஆபத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவள் முன்னால் உட்கார முடியவில்லை.

1986இல் நுரையீரல் நோயில் அவள் இறந்தாள். தகன மண்டபத்து வாசலில் யாரெல்லாம் வருகிறார்கள் என்று குறித்துக்கொள்ள போலீஸ் ஆள் நிற்கும் என்று தெரியும். மலர்வளையம் மட்டும் அனுப்பினேன், பெயர் எழுதாமல்.

மூன்று வருடம் கழித்து எங்கள் நாட்டு ஆட்சி பத்தே நாளில் விழுந்தது. மொழிபெயர்ப்பாளர் சங்கம் எல்லோருக்கும் ஒரு படிவம் அனுப்பியது: தடை செய்யப்பட்டவர்களுக்குப் பெயர் கொடுத்தவர்கள் எழுதுங்கள், உண்மையான பெயர்களைப் போட்டுவிடுவோம். அதை மேசை இழுப்பறையில் வைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று கெடு முடிந்தது. விஷயம் தெரிந்த ஒரே ஆள் செத்துப்போயிருந்தாள்.

அடுத்த வருட வசந்தத்தில் டக்மாரின் அக்கா லிபுஷே வீட்டுக்கு வந்தாள். கிராமத்துத் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். துணிப்பையிலிருந்து ஒரு தடித்த அகராதியை எடுத்து வைத்தாள்.

"அவளோடது. எங்க வீட்ல யாருக்கு இந்த பாஷை தெரியும்? நீங்க அவகூடப் படிச்சவரு. உங்களுக்கு உதவும்."

"நீங்களே வச்சுக்கலாமே."

"எதுக்கு? பதினாறு வருஷம் துணி துவைச்சே போயிட்டா. அவ்வளவு மூளை, ஒரு பக்கம் எழுதலை. பார்த்தாலே வயிறு எரியுது."

வாயைத் திறந்தேன். பக்கத்து அறையில் என் மகள் அலேனா படித்துக்கொண்டிருந்தாள். "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லி அகராதியை வாங்கிக்கொண்டேன்.

அலேனா அந்த நாவலைப் பதினான்கு வயதில் படித்துவிட்டுப் போர்த்துக்கீசியம் படிக்கப் போனவள். சில பக்கங்களை மனப்பாடமாகச் சொல்வாள். அகராதியை எடுத்துப் போய்விட்டாள். நான்கு நாள் கழித்து அதைத் திறந்தபடி என் முன்னால் வைத்தாள். ஓரத்தில் பென்சிலில் பொடி எழுத்து: 'மூச்சிழுப்பு – டோன்யா, மூணாம் நம்பர் மிஷின், நவம்பர் 75.' புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் நாவலின் சொற்கள்.

"அப்பா, இது என்ன?"

சொன்னேன். உட்காராமல் நின்றபடியே கேட்டாள்.

"அதுல உங்களோடது எது? ஒரு வரியாவது?"

"டக்மார் எழுதினதுல ரெண்டு பத்தி வெட்டினேன். போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல பொம்பளைங்க வரிசையா நிக்கிற இடம். நம்ம ஊரையே சொல்ற மாதிரி இருக்குன்னு பதிப்பாசிரியர் பயந்தாரு. அவகிட்ட கேக்காமலேயே வெட்டினேன்."

"அவங்க கவனிக்கலையா?"

"கவனிச்சிருப்பா. எதுவும் சொல்லலை."

அலேனா அகராதியை மூடினாள். பிறகு, "அந்தம்மா வந்தப்போ நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன். நீங்க நன்றி சொன்னது கேட்டுச்சு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் போனேன். லிபுஷே கொல்லையில் உருளைக்கிழங்கு ஊன்றிக்கொண்டிருந்தாள். மண் கையோடு வேலியருகே வந்து நின்றாள். முழுவதையும் சொன்னேன். வீட்டுக்குள் கூப்பிடவில்லை.

"அந்தப் புஸ்தகத்தை நான் படிச்சிருக்கேன்" என்றாள். "அவதான் கொடுத்தா. படிச்சுப் பாருன்னு. எப்படி இருக்குன்னு நாலு தடவை கேட்டா. நல்லாத்தான் இருக்குன்னேன். வேற ஒண்ணும் சொல்லலை அவ."

"என்னைக் காப்பாத்தத்தான்..."

"இருங்க. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில நான் அவளைத் திட்டினேன். எல்லாரையும் மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா நீ இப்படி வீணாப் போயிருக்க மாட்டேன்னு. மூச்சு விடவே முடியாதவளைத் திட்டினேன். அவ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா." கையிலிருந்த மண்ணைத் துடைத்தாள். "நீங்க ஒரு வார்த்தை என் காதுல போட்டிருக்கலாம். நான் தபால்காரி. யார் கடுதாசியையும் வெளியே சொன்னவ இல்லை."

மன்னிப்புக் கேட்டேன். "அதை எங்கிட்ட கேட்டு என்ன ஆகப்போகுது" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். பேருந்து வரும்வரை நான் நிறுத்தத்தில் நின்றேன். அங்கிருந்து அவள் முதுகு தெரிந்தது.

அடுத்த பதிப்பு டக்மாரின் பெயரில் வந்தது. வெட்டிய இரண்டு பத்திகளை அலேனா மொழிபெயர்த்துச் சேர்த்தாள். டக்மார் எழுதியிருந்த தாளை நான் அப்போதே எரித்துவிட்டேன். செய்தித்தாள்கள், ஆபத்தான காலத்தில் தோழிக்குப் பெயர் கொடுத்த துணிச்சல்காரன் என்று என்னைப் புகழ்ந்தன. பாராட்டுக் கடிதங்கள் வந்தன. நடந்ததை ஒளிக்காமல் செய்தித்தாளுக்கு எழுதினேன். என் தன்னடக்கத்தையும் பாராட்டினார்கள்.

லிபுஷேயிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. புத்தகம் கிடைத்தது என்று எழுதியிருந்தாள். கூடவே ஒரு கேள்வி: 'மூன்று வருடம் வாராவாரம் அவளைப் பார்த்தீர்களே, என்னைப் பற்றி எப்போதாவது ஏதாவது சொன்னாளா?'

இரண்டு நாள் யோசித்தேன். பக்கங்கள், சொற்கள், கெடு, இவைதான் நினைவுக்கு வந்தன. அவளுக்கு அக்கா ஒருத்தி இருந்ததே எனக்கு லிபுஷே வந்த அன்றுதான் தெரியும். 'நான் அவளைப் பற்றி எதுவுமே கேட்டதில்லை' என்று எழுதித் தபாலில் போட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.