செயின் பார்க்க இரண்டு பேர் வேண்டும்

1

இந்தக் கதை ஒரு வேனைத் தள்ளும்போது எனக்குக் கிடைத்தது. மேட்டில் நின்றுபோன வேனை எல்லோரும் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் தள்ளிய நர்ஸ், இதைவிட மோசமான வேன் ஒன்றைத் தனக்குத் தெரியும் என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். அவர் மூச்சு வாங்கிய இடங்களை எல்லாம் நான் நிரப்பியிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘காலைப் பனியில் அந்த வேன் ஒரு கிழட்டு யானையைப் போல—’

வேண்டாம். அது வேனைப் போலத்தான் இருந்தது. கிலோமீட்டர் காட்டும் எண்கள் ஓடி ஓடித் தீர்ந்து, மறுபடி சுழியத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தன. அதைக் காட்டி, “புது வண்டி மாதிரிதான்” என்று வேன்காரர் கூசாமல் சொல்வார்.

2

மேட்டின் மேலிருக்கும் ஆஸ்பத்திரிக்குக் காலை ஷிப்ட் நர்ஸ்களை ஏற்றிப்போவதுதான் அவர் பிழைப்பு. கொஞ்ச நாளாக வண்டி கிளம்ப அடம்பிடித்தது. கிளம்பினால் எஞ்சினில் கடகடவென்று சத்தம். மேட்டில் இழுவை இல்லை. அவர் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருகுவார். சில நாள் ஓடும். மறுபடி திருகுவார்.

(டிஸ்ட்ரிபியூட்டர் என்பது எஞ்சினுக்குத் தீப்பொறியை நேரம் பார்த்துப் பங்கிடும் கருவி. திருகினால் பொறி முந்தும் அல்லது பிந்தும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மேற்கொண்டு கேட்காதீர்கள்.)

ஒருநாள் நர்ஸ்களே இறங்கித் தள்ளும்படி ஆயிற்று. மேலே போய்ச் சேர்ந்ததும் மூத்த நர்ஸ் சொன்னார்: “அண்ணே, நாங்க ஸ்ட்ரெச்சர் தள்ளத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற வண்டி பாத்துக்குறோம்.”

வீட்டில் மனைவி, “என் தம்பிகிட்ட காட்டுங்க” என்றாள். தம்பி மெக்கானிக். ஆனால் அவன்தான் உறவுக்காரர்கள் கூடியிருந்த இடத்தில், “மாமா வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டா எடைக்காவது மரியாதை கிடைக்கும்” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தவன். அன்றிலிருந்து மாமனும் மைத்துனனும் பேசுவதில்லை.

[மைத்துனனைக் கெட்டவனாக ஆக்கிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அவன் சொன்னதைக் கேட்டு நானும் சிரித்துத் தொலைத்தேன். விட்டுவிட்டேன்.]

3

நர்ஸ்களை இழக்க மனமில்லாமல் வேன்காரர் கடைசியில் மைத்துனனின் பட்டறைக்கே வண்டியைக் கொண்டுபோனார். மனைவியும் கூட வந்து, தம்பிக்கு அக்காவாக இருவருக்கும் நடுவில் நின்றாள்.

“அக்கா, டிஸ்ட்ரிபியூட்டரைக் கடைசி வரைக்கும் திருகி வச்சது யாருன்னு வண்டிக்காரரைக் கேளு.”

“நான்தான்னு சொல்லு” என்றார் வேன்காரர்.

“இனிமே திருக இடமில்ல. கோளாறு உள்ள டைமிங் செயின்ல இருக்கும்னு தோணுது, சொல்லு.”

“அவருக்குக் காது கேக்குதுடா” என்றாள் அக்கா.

டைமிங் செயின் என்பது எஞ்சினின் சுழற்சியை டிஸ்ட்ரிபியூட்டர் வரை கொண்டுபோகும் சங்கிலி; அது தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்து, எஞ்சினைச் சுழற்றும் அச்சான கிராங்கை ஸ்பேனரால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்ப வேண்டும். மற்றவர் மேலே, மூடி கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் என்ற துண்டு எப்போது அசைகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். செயின் நன்றாயிருந்தால் கீழே திருப்பியதுமே மேலே அசையும். பட்டறையில் வேறு ஆள் இல்லை. வேன்காரர் முனகிக்கொண்டே அடியில் போனார்.

அந்த நேரம் பார்த்து அக்காவுக்குப் போன் வந்தது; பேசிக்கொண்டே தெருவுக்குப் போய்விட்டாள். (நிஜமாகவே போன் வந்ததா என்று நர்ஸிடம் கேட்டேன். “எனக்கெப்படித் தெரியும்? தள்ளுங்க” என்றார்.)

ரோட்டர் அசைந்ததும் மைத்துனன் சொல்லியாக வேண்டும். ‘நிறுத்துங்க’ என்றால் இறங்கி வந்த மாதிரி ஆகும். ‘நிறுத்து’ என்றால் மரியாதை இல்லை. வண்டியின் தகட்டில் ஒரு தட்டுத் தட்டினான். கீழே இருந்தவர் அதை ‘இன்னும் திருப்பு’ என்று எடுத்துக்கொண்டார். இரண்டு தட்டினான். அவர் வேகமாகவே திருப்பினார். ஸ்பேனர் வழுக்கியது, முழங்கை சிமெண்ட் தரையில் மோதியது.

“மாமா, நிறுத்துங்க. அடிபட்டுருச்சா?”

வேன்காரர் அடியில் படுத்தபடியே முழங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

“இல்ல. அசைஞ்சுதா?”

“அசைஞ்சுது, நீங்க ஊரைச் சுத்தி வந்தப்புறம்.”

“அப்ப செயின்தான்.”

“செயின்தான். நீங்க வெளிய திருகித் திருகி அதை மறைச்சு வச்சிருக்கீங்க.”

“திருகாம? நர்ஸுங்கள நீயா தூக்கிட்டுப் போவ?”

தெருவில் அக்கா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, உள்ளே வராமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

[கீழே ஒருவர் திருப்ப, மேலே தாமதமாக அசைகிறது. இதை உவமையாக்கச் சொல்லிக் கை அரிக்கிறது. மாட்டேன்.]

4

புதுச் செயின் மாட்டினார்கள். நான் எழுதிய முதல் முடிவில் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். கையெல்லாம் கிரீஸ், நம்பும்படி இல்லை, அடித்துவிட்டேன். இரண்டாவதில் பட்டறையிலேயே மறுபடி முறைத்துக்கொண்டார்கள். அதைப் படித்துப் பார்த்த என் தங்கை, “அந்த அக்கா என்ன பாவம் பண்ணா?” என்றாள். அதுவும் போயிற்று.

நர்ஸ் கண்ணால் பார்த்தது இது. மறுநாள் காலை மைத்துனன் முன் இருக்கையில் ஏறிக்கொண்டான். பின்னால் நர்ஸ்கள், எதற்கும் இருக்கட்டும் என்று செருப்பு வாரை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேன் மேட்டை ஒரே மூச்சில் ஏறியது. கடகடப்பு இல்லை. “அடுத்த மாசமும் நீங்களே வாங்கண்ணே” என்று சொல்லிவிட்டு மூத்த நர்ஸ் இறங்கினார்.

எனக்குக் கதை சொன்ன நர்ஸும் ஷிப்டுக்கு ஓடினார். வாசலில் திரும்பிப் பார்த்தபோது, எஞ்சினை அணைத்துவிட்டு இருவரும் கண்ணாடி வழியே நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்களாம். வேன்காரர் வாயைத் திறந்தாராம்.

என்ன சொன்னார் என்று பல விதமாக எழுதிப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. “மச்சான்” என்று அவர் கூப்பிடுவது வரை என் பொறுப்பு. மீதியை நீங்கள் சொல்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அதில் வண்டியைப் பற்றி ஒரு சொல்லும் வரக் கூடாது.