செயலாளரின் பென்சில் குறிப்பு

வெள்ளிக்கிழமையோடு செயலாளருக்கு ஓய்வு பெறும் வயது நிறைகிறது. அதற்குள் இரண்டாண்டுப் பணி நீட்டிப்பு ஆணை வந்துவிட வேண்டும் என்பது மேலிடத்தின் விருப்பம். படிவத்தில் நிரம்பாமல் இருந்தது ஒரே ஒரு கட்டம்: 'தனி ஒழுக்கம்'. அதை நிரப்ப வேண்டியவர் பணியாளர் பிரிவின் கண்காணிப்பாளர். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் 'அளவுகோல்' என்று அழைக்கும் அம்மையார்.

புதன்கிழமை காலையில் இணைச் செயலாளர் அவருடைய மேசைக்கே வந்து நின்றார்.

"என்ன மேடம், ஒரு வார்த்தை எழுத ஒரு வாரமா? 'நன்று'ன்னு போட்டுத் தள்ளுங்க."

"நன்றா இருந்தா போட்டிருப்பேன் சார்."

"மூணு ஆட்சி பார்த்த மனுஷன். மேலிடத்துக்கு எதிரா மூச்சு விட்டதில்ல. யார்கிட்டயும் கை நீட்டினதில்ல. இந்த விசுவாசம் யாருக்கு வரும்? கதவைச் சாத்திட்டா உள்ள நடக்கிறது அவங்கவங்க சொந்த விஷயம்."

"சாத்தினது வீட்டுக் கதவு இல்ல சார். இதே மாடியில இருக்கிற ஆபீஸ் கதவு."

இணைச் செயலாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

கதவுக்குள் நடந்தது, தட்டச்சர் பெண் கைப்பட எழுதிக் கொடுத்த மூன்று பக்கங்களில் இருந்தது. ஆறு மணிக்கு மேல் அவசரக் கடிதம் என்று செயலாளர் அழைப்பார். நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். தோளில் விழுந்த கை கழுத்துக்கு ஊரும். அவள் எழுந்து வெளியேறிய மாதமே, அவளுடைய பணிப் பதிவேட்டில் 'நடத்தை ஐயத்திற்குரியது' என்று எழுதினார். பெண் ஊழியரின் கண்ணியம் குறித்த சுற்றறிக்கையில் அவர் ஒப்பமிட்டதும் அதே வாரத்தில்தான்.

பதிவேட்டின் அந்த வரிக்குக் கீழே 'பார்வையிட்டேன்' என்று கையெழுத்திட்டிருந்தவர் அளவுகோல். அறுபது பதிவேடுகளுக்கு நடுவே, படிக்காமலே இட்ட கையெழுத்து. இப்போது படிக்கையில் அவருக்கு வாயெல்லாம் கசந்தது.

"அவர் இன்னும் ரெண்டு வருஷம் இருந்தார்னா நான் வேலைய எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன் மேடம்," என்று அந்தப் பெண் முந்தைய நாள் சொல்லியிருந்தாள். "சும்மா மிரட்டல. என்னால முடியல."

அம்மையார் கட்டத்தில் 'நன்றன்று' என்று எழுதிப் புகாரை இணைத்தார். ஓர் அலுவலருக்கு எதிராக எழுதப்படும் குறிப்பை அவரிடமே காட்டி விளக்கம் பெற வேண்டும் என்பது விதி. ஆகவே கோப்பு செயலாளரின் அறைக்குப் போயிற்று.

இரண்டு மணிக்குத் திரும்பி வந்தது. நீண்ட மறுப்பு ஒன்றை அம்மையார் எதிர்பார்த்திருந்தார். மறுப்பே இல்லை. புகாரின் ஓரத்தில், முத்து முத்தான கையெழுத்தில், பென்சிலால் மூன்று வரிகள்: 'அப்பெண் சொல்வது பெரும்பாலும் சரி. இதனால் அரசுக்கு இழப்பு ஏதுமில்லை. நன்று என மாற்றி வைக்கவும்.' கீழே சுருக்கொப்பமும் தேதியும் வேறு.

பொய் சொல்வதற்குக்கூடக் கொஞ்சம் வெட்கம் வேண்டும். அந்த மனிதரிடம் அதுவும் மிச்சமில்லை. அழுகிய எதையோ தொட்டுவிட்டவரைப் போல, அம்மையார் விரல்களைத் தாளிலிருந்து எடுத்துக்கொண்டார்.

அந்த அலுவலகத்தில் பென்சிலுக்கு ஆயுள் குறைவு. வாய்விட்டுச் சொல்லக் கூடாததை மேலதிகாரிகள் பென்சிலில் எழுதுவார்கள். பிரிவு அதன்படி செய்து முடித்து, எழுதியதை ரப்பரால் தேய்த்துவிட்டுக் கோப்பை மேலே அனுப்பும். முப்பது ஆண்டுகளாகத் தேய்த்தவர் அளவுகோல். யார் யாருடைய அழுக்கையெல்லாம் தூசியாக்கி ஊதித் தள்ளினாரோ, கணக்கில்லை. அந்த வழக்கத்தை நம்பித்தான் செயலாளரும் துணிந்து எழுதியிருந்தார்.

அம்மையார் ரப்பரைத் தொடவில்லை. பேனாவை எடுத்து அந்தத் தாளுக்குப் பக்க எண் இட்டார், முத்திரை குத்தினார், உள்ளடக்கப் பட்டியலில் 'செயலாளரின் விளக்கம்' என்று பதிந்தார். எண் விழுந்த பக்கத்தில் கை வைக்க எவருக்கும் அதிகாரமில்லை. குற்ற ஒப்புதல் கோப்பில் இருக்கும்வரை, விசாரணை முடியாமல் நீட்டிப்பு ஆணை பிறக்காது. விசாரணைக்கு ஒரு மாதமாவது ஆகும். வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள்.

நான்கு மணிக்குச் செயலாளரே வந்தார். பிரிவு முழுவதும் எழுந்து நின்றது.

"என்னம்மா, தேய்ச்சாச்சா?"

"பக்க எண் போட்டாச்சு சார்."

அவர் சிரித்தார். "கைத்தவறா போட்டிருப்பீங்க. அதனாலென்ன, தாளை மாத்திடுங்க. உங்க பதிவேட்டுல வருஷா வருஷம் நான் என்ன எழுதறேன், தெரியுமில்ல? 'முழு விசுவாசம்.' நாம ரெண்டு பேரும் ஒரே ரகம்மா."

ஏச்சாக இருந்தால் அம்மையார் தாங்கியிருப்பார். அந்தப் பாராட்டு எச்சிலைப் போல மேலே வந்து விழுந்தது.

"கோப்பு மூணரைக்கே மேல போயிடுச்சு சார்."

சிரிப்பு அப்படியே நின்றது. "யார்கிட்ட விளையாடறேன்னு தெரியுதா உனக்கு?" அதுவரை இருந்த 'நீங்க' காணாமற்போயிருந்தது.

"தெரியுது சார். நீங்க எழுதினதை நான் அனுப்பி வெச்சேன். அவ்வளவுதான்."

செயலாளர் போனதும் அம்மையார் தட்டச்சர் பெண்ணை அழைத்தார். "வேலைய எழுதிக் கொடுக்க வேண்டாம். உன் பதிவேட்டுல நான் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறணும்னு மனு எழுதியிருக்கேன். டைப் பண்ணு." அவள் தாளை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். "போம்மா, நேரமாகுது."

சற்று நேரத்தில் இணைச் செயலாளர் மூச்சிரைக்க வந்தார். "என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க? எவ்வளவு விசுவாசமான மனுஷன்." பிறகு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அப்போ வெள்ளிக்கிழமையோட அந்த நாற்காலி காலிதானே? சீனியாரிட்டி பட்டியல்ல எனக்கு மேல யாராச்சும் இருக்காங்களான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

அம்மையார் அலமாரியைத் திறந்து பட்டியலை எடுத்து, அவர் கையில் படாதவாறு மேசைமேல் வைத்தார்.